இரவுக் காப்பும் பல் கூடத்துச் சிக்கனமும்

தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவருக்கு அது தெரிவதில்லை. பக்கத்தில் படுத்திருப்பவர் சொன்னால்தான் உண்டு. காலையில் தாடை வலிக்கும், பொட்டு வலிக்கும். வருடங்கள் போகப் போகப் பல்லின் முனை தட்டையாகும்; சிலருக்குப் பல்லே விரிந்துவிடும். சொத்தைப் பல் என்று நினைத்துத்தான் பலர் மருத்துவரிடம் போகிறார்கள்.

சிராங்கூன் சாலை மருந்தகமானாலும், 1997இல் திறக்கப்பட்ட தேசியப் பல் மருத்துவ நிலையமானாலும், இதற்குக் கொடுப்பது பெரும்பாலும் ஓர் இரவுக் காப்புதான். அது கடிக்கும் பழக்கத்தை நிறுத்தாது. பல்லுக்குப் பதிலாகத் தான் தேயும்.

முன்பு அச்செடுத்து, மெழுகில் வடித்து, அக்ரிலிக்கை வேகவைத்துக் கையால் ராவினார்கள். இப்போது ஸ்கேனர் வாயைப் படம் பிடிக்கிறது, கணினி வரைகிறது, 98 மில்லிமீட்டர் அகல அக்ரிலிக் வட்டிலிருந்து இயந்திரம் காப்பைக் கடைந்தெடுக்கிறது.

வேகமான இயந்திரம் வாங்கினால் போதும் என்று சில கூடங்கள் நினைக்கின்றன. அது பாதிதான் சரி. தேக்கா நிலையத்து மாடியில் தையற்காரர் துணியை வெட்டுமுன் துண்டுகளை எப்படித் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்க்கிறார்! இங்கேயும் அதே கணக்குதான். லாட வடிவக் காப்பை வட்டின் நடுவே வைத்தால் ஒன்றுதான் கிடைக்கும். ஒன்றின் வளைவுக்குள் மற்றதன் முனை நுழையும்படி வைத்தால் இரண்டு. சாய்வைக் குறைத்துப் படுக்கவைத்தால் மெல்லிய வட்டே போதும். பல் உறைக்கு வேண்டிய நுண்ணிய முனை இதற்குத் தேவையில்லை. தடித்த முனையே பெரும்பகுதி வேலையை முடித்துவிடும். ஆனால் மழுங்கிய முனையை மிச்சம் பிடிக்கக்கூடாது. சூட்டில் அக்ரிலிக் உருகி அதில் ஒட்டிக்கொள்ளும். இரவில் ஓட விட்டுப்போன வேலை காலையில் குப்பைக்குத்தான் போகும்.

உண்மையான நஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது. வாயை முழுக்க மூடியபடி கடியைப் பதிந்து அனுப்பினால், காப்புக்கான இடைவெளியைக் கணினியில் ஊகித்துத்தான் திறக்க வேண்டும். அந்தப் பிழை கடைவாய்ப் பல்லில் தெரியும். மருத்துவர் நாற்காலியில் வைத்து ராவுவார். ராவிய இடம் மெலிந்து உடையும். அல்லது காப்பு உறுத்துகிறதென்று மேசை இழுப்பறைக்குள் போய்விடும். காப்பு உட்காரும் அளவுக்கு வாய் திறந்த நிலையிலேயே கடியைப் பதிந்தால் இத்தனையும் மிச்சம். வட்டில் சிக்கனம் பார்க்கலாம், இதில் பார்க்கக்கூடாது.

காப்பை வெந்நீரில் கழுவினால் வளைந்துவிடும். குளிர்ந்த நீரே போதும். ஊருக்குப் போன இடத்தில் தொலைத்துவிட்டாலும் கவலையில்லை. கூடத்தில் கோப்பு இருந்தால் மறுபடி கடைந்து தருவார்கள். இடையில் ஒரு பல்லை அடைத்திருந்தால் மட்டும் பழைய கோப்பு உதவாது. மறுபடி வாயைத் திறந்து காட்ட வேண்டியதுதான்.