அழுகைச் சுவையும் இரண்டு ஜப்பானியக் கதைகளும்

(நம் சங்க மண்டபத்தில் நடந்த மாதக் கூட்டத்திற் செய்த சொற்பொழிவு)



இலக்கணமும் இலக்கியமும் சொல்லிக் காலங்கழிக்கும் பள்ளியாசிரியர் திரைப்படத்தைப் பற்றிப் பேச எழுவது சிலர்க்கு வியப்பாயிருத்தல் கூடும். சென்ற மாதம் இம்மண்டபத்தில் 'டோக்கியோ கதை' என்னும் ஜப்பானியப் படம் காட்டப்பட்ட பின்னர், முதியோர் ஒரு புறமும் உத்தியோகம் பார்க்கும் நம் பெண்மக்கள் மற்றொரு புறமுமாக நின்று நெடுநேரம் வாதிட்டதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அவ்வாதம் தீருமுன்னே விளக்குகள் அணைக்கப்பட்டன. அதனை எடுத்துப் பேசுமாறு காரியதரிசி அவர்கள் எம்மைப் பணித்தார்கள்.

முதற்கண் ஓர் ஆட்சேபம். "வீட்டிலே உள்ள துயரம் போதாதென்று, வலியச் சென்று அழுவானேன்?" என்று அன்றிரவே ஒரு பெரியவர் கேட்டார். இவ்வினா பழமையானது. தொல்காப்பியனார் மெய்ப்பாடு எட்டு என வகுத்தபோது, நகைக்கு அடுத்தபடியாக அழுகையை வைத்தார். அது பிறக்கும் நிலைக்களன்களையும் நான்காகக் கூறினார்: பிறரால் இகழப்படுதல், உற்றாரை இழத்தல், முன்னை நிலையிற் றாழ்தல், வறுமையுறுதல் என்பன அவை. உரை வகுத்தோர் இவற்றைத் தன்கண் தோன்றுவன, பிறன்கண் தோன்றுவன என மேலும் பிரித்தனர். பிறன் துயரைக் கண்டு அழுதலையும் ஒரு சுவையாக அவர்கள் கணக்கிட்டது வீணன்று. தன் துயருக்கு அழுகின்றவன் அதனை ஆராயும் நிலையில் இல்லை; பிறன் துயருக்கு அழுகின்றவனுக்கோ அழுகையினூடே பார்க்கவும் இயலுகின்றது. நல்ல படத்தின் பயன் அப்பார்வையே என்பது எம் கருத்து.

இனிப் படத்திற்கு வருவோம். 1953ஆம் ஆண்டில் யாசுஜிரோ ஓசு என்பார் எடுத்தது இது. பார்க்கத் தவறியவர்க்காகக் கதையைச் சுருங்கச் சொல்லுகின்றோம். ஒனோமிச்சி என்னும் கடற்கரையூரில் வாழும் முதிய தம்பதிகள், டோக்கியோவிற் குடியேறிய மக்களைக் காண நெடுந்தொலைவு ரயிலேறிப் போகின்றனர். மூத்த மகன் புறநகரில் வைத்தியம் செய்பவன். மகள் ஷிகே சிகையலங்காரக் கடை வைத்திருப்பவள். இரண்டாம் மகன் போரில் மாண்டான். அவன் விதவை நொரிகோ ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கின்றாள். பெற்றோரை அழைத்துச் சென்று ஊர் காட்ட மகனுக்கும் மகளுக்கும் பொழுதில்லை. மருமகளே விடுப்பெடுத்துக் காட்டுகின்றாள். பின்னர் மக்கள் இருவரும் பணம் சேர்த்துப் பெற்றோரை அத்தாமி என்னும் வெந்நீரூற்று ஊருக்கு அனுப்புகின்றனர். அவ்விடுதியில் இரவெல்லாம் ஆட்டமும் பாட்டுமாயிருக்க, முதியோர் உறக்கமின்றித் திரும்பிவிடுகின்றனர். அன்று மாலையோ மகள் வீட்டில் அவள் தொழிற்கூட்டம். "நமக்கு வீடில்லாமற் போயிற்றே" என்று கிழவனார் சிரித்துக்கொண்டே சொல்லுகின்றார். அவர் சிரித்துச் சொல்லுதலால் அன்றோ நமக்கு நெஞ்சு கனக்கின்றது! ஊர் திரும்பிய சின்னாட்களில் தாய் இறந்துபடுகின்றாள்.

வாதமெல்லாம் ஷிகேயைப் பற்றியது. அவள் தாய்தந்தையரைக் கடைக்கு வந்த ஒருத்தியிடம் "ஊரிலிருந்து வந்த தெரிந்தவர்கள்" என்று சொல்லிவிடுகின்றாள். கணவன் அவர்களுக்கு நல்ல பணியாரம் வாங்கிவர, இத்தனை விலையில் எதற்கு என்கின்றாள். தாய்க்கு நோய் முற்றியதென்று தந்தி வந்தவுடன், துக்க உடை எடுத்துச் செல்வதா வேண்டாவா என்று தமையனுடன் ஆலோசிக்கின்றாள். அடக்கம் முடிந்து உண்ணும்போதே தாயின் இன்னின்ன துணிகள் நினைவாக வேண்டும் என்று கேட்கின்றாள். "இப்படியும் ஒரு பெண்ணா!" என்று நம் முதியோர் கொதித்தனர்.

ஆயினும் தாயின் படுக்கையருகே மற்றெவரினும் உரக்கத் தேம்பி அழுதவளும் அந்த ஷிகேயே என்பதை அவர்கள் கவனித்ததாகத் தோன்றவில்லை. அவ்வழுகை பொய்யன்று. அது போலவே, கண்ணைத் துடைத்தபின் துணி கேட்டதும் பொய்யன்று. இரண்டும் ஒருத்தியிடத்தே உள்ளன. மற்றொருவராயின் இவளைக் கொடியவளாக்கி, நொரிகோவைத் தெய்வமாக்கிப் படத்தை முடித்திருப்பர். ஓசு அவ்வாறு செய்யவில்லை. நாள் முழுதும் நின்று தொழில் செய்து, கடைக்கு மேலும் கீழுமாகக் குடித்தனம் நடத்தும் பெண்ணுக்குப் பொழுது எவ்வாறு வற்றிப்போகின்றது என்பதை அவர் காட்டிவிடுகின்றார். "அவள் கடையை மூடினால் அன்றையச் சோறு யார் போடுவார்?" என்று அன்று கேட்ட இளம்பெண்ணின் பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் அந்நியாயம் முழுதும் செல்லாது. பணியாரத்தின் விலைக்கும் பொழுதின்மைக்கும் தொடர்பில்லை. அது கை சுருங்கியதன்று, மனம் சுருங்கியது. நாற்பதைக் கடந்து, ஊரிற் பெற்றோரையும் வீட்டில் வளரும் பிள்ளைகளையும் உடைய எம்போன்றார்க்கு இவ்விரண்டையும் பிரித்தறிதல் அவசியமாயிருக்கின்றது.

நொரிகோவின் பக்கமும் ஒன்று சொல்லவேண்டும். மாமனார் அவளை நல்லவள் என்று புகழும்போது அவள் மறுக்கின்றாள். இறந்த கணவனைத் தான் நினையாத நாட்களும் உண்டென்றும், தனிமை அச்சந் தருகின்றதென்றும் சொல்லி முகத்தை மூடிக்கொள்கின்றாள். அவர் அதனைக் குற்றமாகக் கொள்ளவில்லை. மனைவியின் கடிகாரத்தை எடுத்து அவளுக்குக் கொடுத்து, மறுமணம் செய்துகொள் என்கின்றார். எழுபது வயதுக் கிழவராக இங்கே நடித்த சிஷு ரியூவுக்கு அப்போது ஐம்பதும் நிரம்பவில்லை என்பதை இடையே நினைவூட்டுகின்றோம்.

படம் எடுத்த முறையும் இதற்கேற்றது. காமிராவைப் பாயில் அமர்ந்தவரின் கண்மட்டத்திற்குத் தாழ்த்தி, பெரும்பாலும் அசையாமலே வைத்திருக்கின்றார். வீட்டிற்கு வந்த விருந்தினன் ஒரு மூலையில் உட்கார்ந்து பார்ப்பது போல நாம் பார்க்கின்றோம். தாயின் உயிர் பிரியுங் கணத்தை அவர் காட்டவுமில்லை. நம் இல்லங்களில் மாலைதோறும் ஓடும் தொடர்களிலோ ஒரு சொல் சுடுமாயின் முகத்தை மும்முறை காட்டி, மும்முறை முழக்கமும் செய்கின்றனர். கேட்பவனை நம்பாதவனே ஒன்றையே மூன்று முறை சொல்லுவான். இது வகுப்பறையில் யாம் கண்ட உண்மை.

தொலைக்காட்சித் தொடரெல்லாம் அவ்வாறே என்று இகழ்தலும் முறையன்று. அதே ஜப்பானில் 1983 ஏப்ரல் முதல் 1984 மார்ச் வரை, நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடமாக 297 பகுதிகள் ஒளிபரப்பான 'ஓஷின்' என்னும் தொடரைத் தாய்மார்கள் பார்க்கவேண்டும். எழுதியவர் சுகாகோ ஹாஷிதா என்னும் பெண்மணியார். யாமகாதா நாட்டுப்புறத்தில் ஏழைக் குத்தகைக் குடியிற் பிறந்த சிறுமி, ஏழாம் வயதில் ஒரு மூட்டை அரிசிக்கு ஈடாக வேலைக்கு அனுப்பப்படுகின்றாள். அரிசி போதாமல் முள்ளங்கி கலந்து பொங்கிய சோறு அவ்வீட்டு உணவு. பாட்டி கொடுத்தனுப்பிய ஐம்பது சென் வெள்ளி நாணயத்தைத் திருடியதென்று எசமானர் பறித்துக்கொள்ள, குழந்தை பனியில் ஓடுகின்றது. மேற்கூறிய நான்கு நிலைக்களன்களும் ஓரிடத்தே கூடின. இதனைப் பல நாட்டு மக்களும் தத்தம் வீட்டுக் கதை போலப் பார்த்தனர் என்றால், அந்த அரிசி மூட்டையே காரணம் என்போம். அதன் பிற்பகுதியிற் றுன்பங்கள் ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்படுவது எமக்கு உடன்பாடன்று. மகன் போரில் மாள, கணவனும் தன்னுயிரை மாய்த்துக்கொள்ள, மீண்டும் எழுந்து கடை வைக்கின்றாள். எனினும் கதாசிரியர் அவளைக் குற்றமற்றவளாக்கவில்லை. செல்வம் வந்த பின் தான் எதை இழந்தோம் என்று தேடியே, எண்பது கடந்த ஓஷின் பழைய ஊர்களை நோக்கிப் புறப்படுகின்றாள்; கதை தொடங்குவதே அப்பயணத்தில்தான்.

அன்றைய வாதத்தில் ஒருவரும் வாய்திறவாத ஒரு பாத்திரம் உண்டு. அவள் எம் தொழிலினள் ஆதலின் யாம் விடுதல் தகாது. கடைசி மகள் கியோகோ, பெற்றோருடன் இருந்து உள்ளூர்ப் பள்ளியிற் கற்பிப்பவள். அக்காளும் அண்ணனும் உடனே புறப்பட்டுவிட்டதைக் கண்டு அவள் வெகுளுகின்றாள். பிள்ளைகள் வளருந்தோறும் பெற்றோரினின்று விலகித் தமக்கென ஒரு வாழ்வைக் காண்பர் என்று நொரிகோ அவளுக்குச் சொல்லுகின்றாள். உலகம் இவ்வளவுதானா என்று கியோகோ கேட்க, ஆம் என்று புன்னகையோடு விடை கிடைக்கின்றது. பின்னர் வகுப்பு நடக்கும் வேளையில், நொரிகோ செல்லும் ரயிலின் நேரம் என்று தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, அவள் சாளரத்தருகே நிற்கின்றாள். ரயிலில் நொரிகோவும் மாமியாரின் கடிகாரத்தைத் திறந்து பார்க்கின்றாள். அவள் வெகுளி ஆறிற்றா என்பதை ஓசு சொல்லவில்லை. யாம் அக்காட்சியை மூன்று முறை பார்த்துவிட்டோம்; எமக்கும் தெரியவில்லை. வகுப்பிலிருந்த பிள்ளைகள் தலை குனிந்து எழுதிக்கொண்டிருக்கின்றனர்.