கூட்டுப் பயணமும் கட்டணக் கணக்கும்



ஒற்றசேகரமங்கலத்திலிருந்து திருவனந்தபுரம் எட்டாத தொலைவில் உள்ள நகரம் அன்று. காட்டாக்கடை வழியாகவோ நெய்யாற்றின்கரை வழியாகவோ காலையில் பேருந்து ஏறினால், முற்பகலுக்குள் கிழக்கேகோட்டையில் இறங்கிவிடலாம். பத்மநாபசுவாமி கோயில், குதிரைமாளிகை, மிருகக்காட்சிசாலை, சங்குமுகம் கடற்கரை ஆகியவற்றைக் கண்டுவிட்டு, இரவுச் சோற்றுக்கு வீடு வந்து சேரலாம். ஆயினும், இத்தகைய பயணத்திற்கு நாள் குறித்து, "யார் யார் வருகிறீர்கள்?" என்று கேட்கும்போது, சிலர் "அடுத்த முறை பார்க்கலாம்" என்று சொல்லி ஒதுங்கிக்கொள்கின்றனர். அவர்கள் நகரத்தைக் காண விரும்பாதவர்கள் அல்லர். எவ்வளவு செலவாகும் என்பது தெரியாமையே அவர்களைத் தடுக்கிறது. தெரிந்த செலவுக்கு ஏழையும் துணிவார்; தெரியாத செலவுக்குத் துணிவது எளிதன்று.

பல ஆண்டுகளுக்கு முன்னர் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். எங்கள் பகுதியிலிருந்து பதினைந்து பேர் திருவனந்தபுரம் சென்றோம். அவரவர் சீட்டை அவரவரே வாங்கிக்கொள்வது என்பது ஏற்பாடு. காலைப் பொழுது மகிழ்ச்சியாகவே கழிந்தது. மாலையில் சங்குமுகத்திற்குப் புறப்பட்டபோது, எங்களுடன் வந்த முதிய அம்மையார் ஒருவர், "கால் வலிக்கிறது, மக்களே; நீங்கள் போய் வாருங்கள், நான் இங்கேயே இருக்கிறேன்" என்று பேருந்து நிலையத்தில் அமர்ந்துவிட்டார். நாங்களும் அதை நம்பிச் சென்றோம். ஊருக்குத் திரும்பும் பேருந்தில் அவர் தம் முந்தானை முடிச்சை அவிழ்த்தார். அதனுள் இருந்தது திரும்பும் கட்டணம் மட்டுமே. ஒரு காசு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கால் வலி என்று அவர் சொன்னதன் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. கடலைக் காண வேண்டும் என்ற ஆசையினாலேயே அவர் எங்களுடன் வந்திருந்தார் என்பதைப் பின்னர் அறிந்தேன். நாங்கள் முதல்நாள் மாலையில் அரைமணி நேரம் உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தால், அவர் கடலைக் கண்டிருப்பார்.

ஆகவே, அந்த அரைமணி நேரக் கணக்கைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

பேருந்துக் கட்டணம் எவ்வாறு அமைகிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். 1938ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் திருவிதாங்கூர் அரசின் பேருந்துப் போக்குவரத்து தொடங்கிற்று. நம் நெய்யாற்றின்கரை, பாறசாலை ஊர்களின் ஊடே கன்னியாகுமரி நோக்கிச் செல்லும் சாலையே அதன் முதல் வழி. அந்நாளில் மைல் ஒன்றுக்குக் கட்டணம் அரைச் சக்கரம். ஆனால் எவ்வளவு குறைந்த தூரம் சென்றாலும் ஒரு சக்கரம் கொடுத்தாக வேண்டும். திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம் என்பது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. மூன்று முதல் பதினான்கு வயது வரை பாதிக் கட்டணம். சக்கரம் மறைந்தது, 1965இல் கேரள மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகம் தோன்றிற்று. ஆனால் கட்டணத்தின் அமைப்பு மட்டும் மாறவில்லை. குறைந்தபட்சக் கட்டணம் என்ற ஒன்று அன்றும் இருந்தது; இன்றும் இருக்கிறது.

2022ஆம் ஆண்டு மே முதல்நாள் கேரளத்தில் நடப்புக்கு வந்த முறையை எடுத்துக்கொள்வோம். சாதாரணப் பேருந்தில் முதல் இரண்டரைக் கிலோமீட்டருக்கு 10 ரூபாய். அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 1 ரூபாய் வீதம். இதை ஊன்றி நோக்க வேண்டும். முதல் இரண்டரைக் கிலோமீட்டரில் கிலோமீட்டர் ஒன்றுக்கு 4 ரூபாய் கொடுக்கிறோம். அதன் பின்னரோ 1 ரூபாய்தான். ஐந்து கிலோமீட்டரை ஒரே பேருந்தில் கடந்தால் 12 அல்லது 13 ரூபாயில் முடியும். அதையே நடுவில் இறங்கி இரண்டு பேருந்துகளில் கடந்தால் 20 ரூபாய் ஆகும். தூரம் ஒன்றே, ஏற்றம் இரண்டு. எனவே நகரத்திற்குள் செலவைப் பெருக்குவது தூரத்தைவிட, நாம் எத்தனை முறை பேருந்து ஏறுகிறோம் என்பதே. கணக்கிடுவோர் முதலில் எண்ண வேண்டியவை ஏற்றங்கள்.

பெரும்பாலோர் செய்யும் தவறும் இங்கேதான் இருக்கிறது. "திருவனந்தபுரத்திற்குப் போக வர எவ்வளவு?" என்று கேட்டு, அந்தத் தொகையோடு புறப்பட்டுவிடுகின்றனர். நகரத்திற்குள் ஏறி இறங்கும் கட்டணம் கணக்கில் வருவதே இல்லை. அது எவ்வளவு என்று பார்ப்போம்.

பன்னிரண்டு பெரியவர்களும் நான்கு சிறுவர்களும் செல்வதாகக் கொள்வோம். சிறுவர்களுக்கு அரைச் சீட்டு. இருவர் அரைச் சீட்டைச் சேர்த்தால் ஒரு முழுச் சீட்டு. ஆதலால் மொத்தம் 14 முழுப் பங்கு. ஒற்றசேகரமங்கலத்திலிருந்து கிழக்கேகோட்டைக்கு, கணக்கிற்காக, 30 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சரியான தொகையை முதல்நாளே நடத்துநரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். போக வர ஒரு பங்குக்கு 60 ரூபாய். இனி நகரத்திற்குள் மூன்று ஏற்றங்கள். கோட்டையிலிருந்து மிருகக்காட்சிசாலைக்கு 10 ரூபாய், அங்கிருந்து சங்குமுகத்திற்கு 16, சங்குமுகத்திலிருந்து மீண்டும் கோட்டைக்கு 16. ஆக 42 ரூபாய். ஒரு பங்குக்கு மொத்தம் 102 ரூபாய். 14 பங்குக்கு 1,428 ரூபாய். பாருங்கள்: போக வர 60, நகரத்திற்குள் 42! கணக்கில் வராமற்போன தொகை மொத்தச் செலவில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல். அந்த அம்மையாரின் முந்தானையில் இல்லாமற்போனது இந்தத் தொகையின் ஒரு பகுதிதான்.

இதன்மேல் சிறிது முன்காப்புத் தொகையும் வேண்டும். ஒரு பங்குக்கு 18 ரூபாய் சேர்த்து, முழுப் பங்குக்கு 120, சிறுவருக்கு 60 என்று திரட்டினால் 1,680 ரூபாய் சேரும். கையில் 252 ரூபாய் மிகும். இது வீண் அன்று. கூட்டம் மிகுந்த பேருந்தில் பதினாறு பேருக்கும் இடம் கிடைக்காமல், வேறு வண்டியில் ஏற நேரலாம். சாதாரணப் பேருந்து வராமல் கட்டணம் கூடிய பாஸ்ட் பாசஞ்சரில் ஏற வேண்டி வரலாம். நடக்கமுடியாத ஒருவருக்கு ஆட்டோ ரிக்ஷா பிடிக்கவும் வேண்டியிருக்கும். நுழைவுச் சீட்டும் உணவும் வேறு கணக்கு; அவற்றை இந்தப் பையோடு கலக்கலாகாது. கலந்தால், தேநீருக்குச் செலவானது பேருந்துக்குப் போதாமல் ஆகிவிடும்.

செலவைக் குறைக்கும் வழி யாது? இடங்களை ஒழுங்குபடுத்துவதே. கிழக்கேகோட்டையில் இறங்கினால் பத்மநாபசுவாமி கோயிலும் குதிரைமாளிகையும் நடை தூரம். அங்கே பேருந்துக்கு வேலை இல்லை. மிருகக்காட்சிசாலையும், 1880இல் கட்டி முடிக்கப்பட்ட நேப்பியர் அருங்காட்சியகமும் ஒரே வளாகத்தில் உள்ளன. ஓர் ஏற்றத்தில் இரண்டையும் காணலாம். திங்கட்கிழமை அவற்றுக்கு விடுமுறை என்பதை மறவாதீர்கள். அந்நாளில் சென்று மூடிய கதவைக் கண்டு திரும்பினால் அந்த ஏற்றத்தின் கட்டணம் முழுவதும் நட்டம். கோயில், அருங்காட்சியகம், மறுபடியும் கோட்டைப் பக்கம், பிறகு கடற்கரை என்று முன்னும் பின்னுமாக அலையாமல், ஒரு வட்டமாகச் சுற்றி வருவதே நன்று. ஓர் ஏற்றம் மிச்சமானால், 10 ரூபாய்க் கட்டணத்திலும் நம் குழுவுக்கு 140 ரூபாய் மிச்சம்.

சில நகரங்களில் ஒருநாள் சீட்டு உண்டு. திருவனந்தபுரத்திலேயே 2021 நவம்பரில் நகர்வட்டப் பேருந்துகள் தொடங்கியபோது, 50 ரூபாய்ச் சீட்டைக் கொண்டு ஒருநாள் முழுவதும் அவற்றில் ஏறி இறங்க வாய்ப்பு அளித்தனர். இத்தகைய சீட்டு எங்கே கிடைத்தாலும், மலிவு என்று உடனே வாங்கிவிடலாகாது. ஏற்றத்திற்கு 10 ரூபாய் என்றால், ஐந்து முறை ஏறும்போதுதான் அந்த 50 ரூபாய் ஈடாகும். ஆறாவது ஏற்றத்திலிருந்தே ஆதாயம். நம் குழுவுக்கு மூன்றே ஏற்றங்கள் எனின், தனிச் சீட்டே மேல்.

புகைவண்டியும் இருக்கிறது. 1979இல் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில், கன்னியாகுமரிக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்ட பின்னர், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்தார் அதிலும் செல்லலாம். பாசஞ்சர் வண்டியின் கட்டணம் பேருந்தைவிடக் குறைவு. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குச் சீட்டு வேண்டியதில்லை. ஆனால் ஒற்றசேகரமங்கலத்தார் நிலையம் வரை பேருந்தில் செல்ல வேண்டும். அந்தக் கட்டணத்தையும் சேர்த்தே இரண்டையும் ஒப்பிட வேண்டும். தம்பானூரில் இறங்கினால் கோட்டைக்கு நடந்தே செல்லலாம் என்பது புகைவண்டியின் பக்கம் ஒரு நன்மை.

எல்லைப்புறத்தில் வாழும் நமக்கு மற்றொரு நுட்பமும் தெரிந்திருக்க வேண்டும். 1956 நவம்பர் முதல்நாள் கல்குளம், விளவங்கோடு முதலிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன; நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அன்று முதல் களியக்காவிளையில் கட்டண முறையும் மாறுகிறது. 2021 மே மாதம் தமிழ்நாட்டில், சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்லும் திட்டம் நடப்புக்கு வந்தது. கேரளப் பேருந்துகளுக்கு அது பொருந்தாது. நாகர்கோவிலுக்குச் செல்லும் குழு, எந்த வண்டியில், எந்த எல்லைவரை, யாருக்குக் கட்டணம் என்பதைப் பிரித்தே கணக்கிட வேண்டும். அவ்வாறு மிச்சமாகும் தொகை பெண்களுக்கு மட்டும் உரியதா, பொதுப் பைக்கு உரியதா என்பதையும் புறப்படும் முன்னரே பேசி முடிவு செய்துவிடுங்கள். பேருந்தினுள் நின்றுகொண்டு அதைப் பேசுவது அழகன்று.

பையை யார் வைத்திருப்பது? ஒருவர் பணம் கொடுக்கட்டும். மற்றொருவர் சீட்டை வாங்கித் தலைகளை எண்ணட்டும். ஒரே ஆள் இரண்டையும் செய்தால் நெரிசலில் தவறு நேரும். பத்து ரூபாய், இருபது ரூபாய்த் தாள்களும் நாணயங்களுமாகச் சில்லறை முதல்நாளே இருக்கட்டும். குழு இரண்டாகப் பிரிய நேர்ந்தால் பின்வரும் பகுதியாருக்குத் திண்டாட்டம் வராதபடி, முன்காப்புத் தொகையில் பாதியை அவர்களுள் ஒருவரிடம் ஒப்படையுங்கள். சீட்டுகளை இறங்கும்வரை எறியாதீர்கள். மாலையில் கணக்குக்கும் அவையே சான்று.

இறுதியாக, 120 ரூபாயை ஒரே நாளில் கொடுக்க இயலாதவர்கள் உளர். அவர்களை எண்ணித்தான் இவ்வளவும் சொன்னேன். கேரளத்தில் 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ அயல்கூட்டங்களில் வாரந்தோறும் சிறுதொகை சேமிக்கும் பழக்கம் நம் பெண்களுக்கு உண்டு. அதே வழியில், வாரம் 10 ரூபாய் வீதம் பன்னிரண்டு வாரம் சேர்த்தால் ஒரு பங்கு நிறைந்துவிடும். பயணத்திற்கு மூன்று மாதம் முன்னரே நாள் குறித்துவிட்டால், யாரும் கடன்படவோ பொய்க் காரணம் சொல்லவோ வேண்டியதில்லை. அதற்கும் வழியில்லாதவர் ஒருவர் இருந்தால், மற்றவர்கள் தம் பங்கில் இரண்டொரு ரூபாய் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் அதை அவர் காதில் விழும்படி பேசவேண்டாம்.

திரும்பி வந்ததும், பிரிந்து செல்வதற்கு முன்னர், வரவையும் செலவையும் உரக்கப் படித்து, மிச்சத்தைப் பங்கிட்டுக் கொடுத்துவிடுங்கள். இரண்டே ரூபாயானாலும் கொடுங்கள். அந்த நேர்மையை நம்பியே அடுத்த பயணத்திற்கு எல்லாரும் வருவர்.

அடுத்த முறை உங்கள் குழுவில் யாராவது "கால் வலிக்கிறது" என்று சொல்லிப் பேருந்து நிலையத்தில் அமர்ந்தால், ஒருகணம் நின்று நோக்குங்கள். அவர் சீட்டுக்குரிய பணம் முன்னரே பொதுப் பையில் இருந்தால், அது மெய்யாகவே கால் வலிதான். அப்போது அவரை ஓர் ஆட்டோவில் ஏற்றிக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள்; முன்காப்புத் தொகை அதற்காகத்தானே இருக்கிறது!