மைதானம் எங்க வரணும்?

கடியப்பட்டணத்துல பந்து விளையாடக் கடற்கரைதான் கதி. ஆனி, ஆடியில கடல் மணலை அரிச்சுட்டுப் போனா அதுவும் கிடையாது. சரி, ஒரு மைதானம் எங்க வரலாம்? க்யூஜிஐஎஸ்-ங்கிற இலவச மென்பொருள்ல போட்டுப் பாத்தேன்.

முதல்ல வடிகட்டணும். 105-க்கு 68 மீட்டர் கால்பந்துத் திடலுக்கே சுமார் 1.75 ஏக்கர் வேணும். கேலரி, பார்க்கிங் தனி. அடுத்து கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். 2019 அறிவிக்கைப்படி, ஜனநெருக்கம் கூடின கிராமங்கள்ல உயர் அலைக் கோட்டுல இருந்து 50 மீட்டர், மத்த கிராமங்கள்ல 200 மீட்டர் கட்டுமானத் தடை.

அப்புறம் தூரம். இங்கதான் நான் சறுக்கினேன். நேர்கோட்டுல அளந்தப்போ வள்ளியாத்துக்கு அக்கரையில உள்ள இடம் முதல்ல வந்துச்சு. பிள்ளைங்க என்ன பறந்தா போவாங்க? பாலம் சுத்திப் போற பாதையில அளந்ததும் அது கீழ இறங்கிடுச்சு.

கடைசியா, எதுக்கு எத்தனை மார்க்? நில விலைக்கு அதிகம் கொடுத்தா ஊருக்கு வெளிய உள்ள இடம் ஜெயிக்கும். நடைதூரத்துக்குக் கொடுத்தா ஊரை ஒட்டின இடம். சாயங்காலம் ஆறரைக்கு ஒரு பொண்ணு தனியா வீடு திரும்பணும்னா எது முக்கியம்? அதை மென்பொருள் சொல்லாது. அந்த மார்க்கை ஊர்க்கூட்டத்துல பேசி முடிவு பண்ணுங்க. அப்புறம் மேப்பைத் திறங்க. அடுத்த எபிசோட்ல பாப்போம்.