தோலின் இறுக்கத்தை ஒலியால் அளத்தல்

ஸ்கிளீரோடெர்மா என்பது தோல் தடித்து, இறுகி, அடியிலுள்ள திசுவோடு ஒட்டிக்கொள்ளும் நோய். உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு மண்டலம் உடலையே தாக்குவதால் வரும் நோய்களில் இதுவும் ஒன்று. ஆண்களைவிடப் பெண்களுக்கே இது பல மடங்கு அதிகமாக வருகிறது. பெரும்பாலானோருக்கு முதல் அறிகுறி விரல்களில் தெரியும். குளிர் பட்டால் விரல் நுனிகள் வெளுத்து, நீலம் பாரித்து, பிறகு சிவக்கும். அதற்குப் பிறகு விரல்கள் வீங்கும், மோதிரம் கழலாது. நாளடைவில் தோல் இறுகி, கையை முழுதாக மடக்கவோ நீட்டவோ முடியாமல் போகும். வாய் சிறுத்துவிடுவதால் உணவுக் கவளத்தை உள்ளே வைப்பதுகூடச் சிரமமாகும்.

இந்த இறுக்கத்துக்குக் காரணம் கொலாஜன் என்னும் புரதம். தோலுக்கு உறுதி தரும் நார் அதுதான். காயம் ஆறும்போது தேவையான அளவு உண்டாகி நின்றுவிட வேண்டிய கொலாஜன், இந்த நோயில் நிற்காமல் உண்டாகிக்கொண்டே இருக்கிறது. இதே கோளாறு நுரையீரல், சிறுநீரகம், இதயம், உணவுக்குழாய் ஆகியவற்றையும் தாக்கலாம். உடலின் பெரும்பகுதியில் தோல் விரைவாக இறுகுபவர்களுக்கு உள்ளுறுப்புகள் பாதிக்கப்படும் ஆபத்தும் பொதுவாக அதிகம். ஆகவே தோல் எவ்வளவு இறுகியிருக்கிறது, எவ்வளவு வேகமாக இறுகுகிறது என்பதை அறிவது, உள்ளே என்ன நடக்கக்கூடும் என்பதை முன்கூட்டியே கணிக்கவும் உதவுகிறது.

தோலில் இந்த நோய் மூன்று கட்டங்களாக நகர்கிறது. முதலில் நீர் கோத்து வீங்கும். அடுத்து கொலாஜன் சேர்ந்து தடித்து இறுகும். பல ஆண்டுகள் கழித்து, சிகிச்சை இல்லாமலேகூட, தோல் மெலிந்து ஓரளவு தளரலாம். மெலிந்த தோல் நலமடைந்த தோலாக இருக்க வேண்டியதில்லை. மெல்லியதாகி அடித்திசுவோடு ஒட்டியும் கிடக்கலாம். தடிமன் வேறு, இறுக்கம் வேறு. தடித்த தோல் மிருதுவாக இருக்கலாம். மெல்லிய தோல் இறுகியிருக்கலாம். தோலை அளக்கும் எந்த முறைக்கும் இந்த வேறுபாடுதான் உண்மையான சோதனை.

இந்த நோயைப் பற்றிய விரிவான பழைய விவரிப்பு 1753-ஆம் ஆண்டில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரிலிருந்து வந்தது. கார்லோ குர்சியோ என்ற மருத்துவர், உடல் முழுதும் தோல் இறுகிப்போன ஓர் இளம்பெண்ணின் நிலையை எழுதிவைத்தார். அவரிடம் இருந்த கருவி அவருடைய விரல்கள் மட்டுமே. இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் நிலைமை பெரிதும் மாறவில்லை. இன்றும் உலகெங்கும் தோலை மதிப்பிடும் முதன்மை முறை, மருத்துவர் தம் விரல்களால் தோலைக் கிள்ளிப் பார்ப்பதுதான்.

அந்தக் கிள்ளலுக்கு ஓர் ஒழுங்கு தந்தவர் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகர மருத்துவர் ஜெரால்ட் ராட்னன். உடலின் பல இடங்களில் தோலைத் தொட்டுப் பார்த்து மதிப்பெண் இடும் முறையை அவர் வகுத்தார். முன்கையிலிருந்து வெட்டியெடுத்த சிறு தோல் துண்டுகளின் எடையோடு அந்த மதிப்பெண்கள் ஒத்துப்போவதை 1979-இல் அவருடைய குழு காட்டியது. பின்னர் திருத்தப்பட்ட வடிவமே இன்று புழக்கத்தில் உள்ளது. அதில் 17 இடங்கள் பார்க்கப்படுகின்றன. முகம், மார்பு, வயிறு என மூன்று. விரல்கள், கைகள், முன்கைகள், மேல்கைகள், தொடைகள், கால்கள், பாதங்கள் என இருபுறமும் சேர்த்துப் பதினான்கு. தோல் இயல்பாக மடிந்தால் 0. சற்றே தடித்திருந்தால் 1. மடிப்பது கடினமானால் 2. கிள்ளவே முடியாமல் இறுகியிருந்தால் 3. எல்லாவற்றையும் கூட்டினால் அதிகபட்சம் 51.

இந்த முறைக்குச் செலவில்லை. கருவி வேண்டாம், சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் குறைகளும் உண்டு. ஒரே நோயாளியைப் பல மருத்துவர்கள் பார்த்தால், பயிற்சி பெற்றவர்களிடையேகூட மதிப்பெண் ஏறத்தாழ 5 புள்ளி அளவுக்கு விலகுகிறது. ஒரே மருத்துவர் மீண்டும் பார்த்தால் விலகல் ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது. 1990-களில் நடந்த ஆய்வுகள் தந்த கணக்கு இது. ஒரு நோயாளியிடம் பொருட்படுத்தத்தக்க மாற்றம் என்று கருதப்படுவதும் ஏறத்தாழ 3 முதல் 5 புள்ளிதான். தேடும் மாற்றமும் அளவீட்டின் பிழையும் ஒரே பருமனில் இருந்தால், எது நோயின் அசைவு, எது விரல்களின் தடுமாற்றம் என்று பிரிப்பது கடினம்.

இன்னொரு குறை அடிப்படையானது. கிள்ளிப் பார்க்கும் விரலுக்குத் தடிமனும் இறுக்கமும் அடித்திசுவோடு ஒட்டியிருப்பதும் ஒன்றாகவே தென்படுகின்றன. மூன்றும் சேர்ந்து ஒரே எண்ணாகிவிடுகின்றன. தொடக்க கால நீர்வீக்கத்துக்கும் பிந்தைய நார்த்தன்மைக்கும் ஒரே மதிப்பெண் கிடைத்துவிடலாம்.

இதன் விளைவு மருத்துவமனை அறையோடு நிற்பதில்லை. புதிய மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுகள் பலவும் இந்த மதிப்பெண்ணையே நம்பியுள்ளன. டோசிலிசுமாப் என்ற மருந்தை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2020-இல் வெளிவந்தது. 48 வாரங்களில் மருந்து பெற்றவர்களின் தோல் மதிப்பெண் சராசரியாக 6 புள்ளி குறைந்தது; மருந்தில்லா ஊசி பெற்றவர்களுக்கும் 4 புள்ளிக்கு மேல் குறைந்தது. புள்ளியியல் கணக்கில் அந்த வேறுபாடு போதுமானதாக இல்லை. ஆய்வின் முதன்மை இலக்கு எட்டப்படவில்லை. ஆனால் அதே ஆய்வில் நுரையீரல் திறன் காக்கப்பட்டதற்கான சான்று கிடைத்தது. அதன் அடிப்படையில் இந்த நோயின் நுரையீரல் பாதிப்புக்காக 2021-இல் அமெரிக்காவில் அந்த மருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது. தோல் தானாகவே தளரக்கூடிய நோயில், நுட்பமான அளவுகோல் எவ்வளவு தேவை என்பதை இந்த ஆய்வு உணர்த்துகிறது.

மாற்று வழிகள் பல முயலப்பட்டன. ரப்பரின் கடினத்தன்மையைச் சோதிக்கும் டியூரோமீட்டரைத் தோலின் மேல் வைத்துப் பார்த்தார்கள். தோலை உறிஞ்சி இழுத்து, அது எவ்வளவு எழும்புகிறது என்று பார்க்கும் கருவியும் வந்தது. தோலைச் சிறிது வெட்டியெடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது துல்லியமானது. ஆனால் வடு உண்டாகும். ஒரே இடத்தில் மறுபடி மறுபடி செய்ய முடியாது. வலியில்லாமல், எத்தனை முறையும் செய்யக்கூடியதாய், தோலின் உட்புறத்தையும் காட்டக்கூடியதாய் வந்தது அல்ட்ராசவுண்ட்.

அல்ட்ராசவுண்ட் கருவி, காதுக்குக் கேட்காத உயர்ந்த அதிர்வெண்ணில் ஒலித்துடிப்புகளை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்குகிறது. வயிற்று ஸ்கேனுக்கு 3 அல்லது 4 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண் போதும். தோலுக்கு 15 முதல் 22 மெகாஹெர்ட்ஸ் வரை பயன்படுத்தப்படுகிறது. அதிர்வெண் கூடக்கூடப் படத்தின் நுணுக்கம் கூடும்; ஒலி ஊடுருவும் ஆழம் குறையும். 20 மெகாஹெர்ட்ஸில் ஒலியின் அலைநீளம் 0.1 மில்லிமீட்டருக்கும் கீழே வந்துவிடுகிறது. ஆழம் சில மில்லிமீட்டர்தான் எட்டும் என்றாலும் தோலுக்கு அது போதும்.

ஒலித்துடிப்புகளைக் கொண்டு தோலின் தடிமனை அளக்கலாம் என்று 1979-இலேயே ஓர் ஆய்வு காட்டியது. அதன் கணக்கு எளிமையானது. தோலில் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 1,580 மீட்டர். உள்தோலின் மேல் எல்லையிலிருந்து ஓர் எதிரொலி வரும். அதன் கீழே கொழுப்பு அடுக்கு தொடங்கும் இடத்திலிருந்து இன்னோர் எதிரொலி வரும். உள்தோல் ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன் என்றால், இரண்டுக்கும் இடைவெளி ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் ஏறத்தாழ இரண்டு பங்கு. அந்த இடைவெளியிலிருந்து தடிமன் தெரிகிறது. படத்தின் வெளிச்சமும் ஒரு செய்தி சொல்கிறது. நீர் கோத்த தோல் கருமையாகத் தெரியும். நார் மிகுந்த தோல் பொதுவாக வெளிச்சமாகத் தெரியும். விரல்கள் பிரிக்க முடியாத இரண்டு கட்டங்களை இந்தப் படம் பிரித்துக் காட்ட முடிகிறது.

ஆனால் சாதாரண அல்ட்ராசவுண்ட் இறுக்கத்தை நேரடியாகக் காட்டாது. மென்திசுக்கள் பலவற்றில் ஒலியின் வேகம் ஏறத்தாழ ஒன்றுதான். திசுவை நசுக்கிக் கன அளவைக் குறைப்பது எவ்வளவு கடினம் என்பதையே அந்த வேகம் சார்ந்திருக்கிறது. பெரும்பாலான மென்திசுக்களில் பெரும்பகுதி நீர் என்பதால் அதில் பெரிய வேறுபாடு இல்லை. இறுக்கத்தை அறிய வேறு வகை அலை வேண்டும்.

அந்த வழிக்கு எலாஸ்டோகிராபி என்று பெயர். 1990-களில் வளர்ந்த முதல் வகையில், கருவியின் முனையால் திசுவை மெல்ல அழுத்தி, எந்தப் பகுதி எவ்வளவு நசுங்குகிறது என்று வண்ணப் படமாகப் பார்ப்பார்கள். நசுங்காத பகுதி இறுகிய பகுதி. இதில் அழுத்துவது கை என்பதால், கைக்குக் கை முடிவு மாறும். 2010-இல் ரோம் நகர ஆய்வாளர்கள் ஸ்கிளீரோடெர்மா நோயாளிகளிடம் இதைச் சோதித்தபோது, முன்கையில் நம்பத்தக்க படம் கிடைத்தது, விரல்களில் கிடைக்கவில்லை. விரல் தோலின் அடியில் எலும்பு மிக அருகில் இருப்பதே இடையூறு.

இரண்டாவது வகை கையை நம்புவதில்லை. கருவியே ஒரு வலுவான ஒலித்துடிப்பைத் திசுவுக்குள் ஒரு புள்ளியில் குவிக்கிறது. அந்தத் தள்ளலில் திசு சில மைக்ரான் அளவு நகர்ந்து மீள்கிறது. அங்கிருந்து பக்கவாட்டில் ஒரு குறுக்கலை பரவுகிறது. இழுத்துக் கட்டிய கொடிக்கயிற்றைச் சுண்டினால் அதிர்வு சட்டென ஓடும். தொய்ந்த கயிற்றில் மெதுவாகவே நகரும். தோலிலும் அப்படியே, இறுக்கம் கூடக்கூடக் குறுக்கலையின் வேகம் கூடுகிறது. இந்த அலை வினாடிக்குச் சில மீட்டர் வேகத்திலேயே செல்வதால், வினாடிக்கு ஆயிரக்கணக்கான படங்கள் எடுக்கும் கருவியால் அதைப் பின்தொடர முடிகிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்திலும், பாரிஸில் மத்தியாஸ் ஃபிங்க் குழுவினரிடமும் இந்த நுட்பங்கள் வளர்ந்தன. கல்லீரல் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் பரிசோதனையும் குறுக்கலையின் வேகத்தையே அளக்கிறது.

வேகத்திலிருந்து இறுக்கத்தைக் கணக்கிட ஒரு சூத்திரம் உண்டு. வேகத்தின் வர்க்கத்தை அடர்த்தியால் பெருக்கி, மீண்டும் மூன்றால் பெருக்கினால், யங் குணகம் எனப்படும் மீட்சி அளவு கிடைக்கும். வேகம் வினாடிக்கு 2 மீட்டர் என்றால் விடை 12 கிலோபாஸ்கல். வேகம் 4 மீட்டர் ஆனால் விடை 48 கிலோபாஸ்கல். வேகம் இரண்டு மடங்கானால் இறுக்கம் நான்கு மடங்காகிறது.

பரிசோதனை எளிது. நோயாளி கைகளைத் தளர்வாக வைத்துப் படுத்திருப்பார். தோலின் மேல் தாராளமாக ஜெல் பூசப்படும். கருவியின் முனை தோலை அழுத்தாமல் ஜெல்லின் மேலேயே நிற்க வேண்டும். அழுத்தினால் தோல் இறுகியதுபோல் காட்டும். ஒவ்வோர் இடத்திலும் பல முறை அளந்து இடைநிலை மதிப்பு எடுக்கப்படும். கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை.

இவ்வாறு அளந்த ஆய்வுகளில், ஸ்கிளீரோடெர்மா உள்ளவர்களின் தோலில், குறிப்பாக விரல்களிலும் கைகளிலும் முன்கைகளிலும், அலையின் வேகம் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. கிள்ளிப் பார்த்து 0 மதிப்பெண் இட்ட இடங்களிலும்கூடச் சில நோயாளிகளிடம் வேகம் இயல்பைவிட அதிகமாக இருந்தது. விரல்கள் உணரும் முன்பே தோலில் மாற்றம் தொடங்கிவிடலாம் என்பதற்கான குறிப்பு இது. சீனாவிலும் போர்ச்சுகலிலும் நடந்த ஆய்வுகள் இந்தத் திசையில் முக்கியமானவை.

சிக்கல்களும் உண்டு. மேலே சொன்ன சூத்திரம், எல்லாப் பக்கமும் பரந்து விரிந்த ஒரே மாதிரியான திசுவுக்குப் பொருந்துவது. கல்லீரல் ஓரளவு அப்படிப்பட்டது. தோல் மெல்லிய அடுக்கு. வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் 400 முறை அதிரும் அலையின் நீளம் 1 சென்டிமீட்டர். உள்தோலின் தடிமனோ ஓரிரு மில்லிமீட்டர். தன் அளவைவிடச் சிறிய அடுக்கில் சிக்கிய அலையின் வேகத்தை இறுக்கம் மட்டுமின்றித் தடிமனும், அடியிலுள்ள கொழுப்பும் எலும்பும்கூட மாற்றுகின்றன. தோலின் நார்களுக்குத் திசையும் உண்டு. வியன்னாவின் கார்ல் லாங்கர் 1861-இலேயே அந்தத் திசையைக் காட்டும் இழுவைக் கோடுகளை வரைந்தார். கோட்டின் போக்கில் அளந்தால் ஒரு வேகம், குறுக்கே அளந்தால் இன்னொரு வேகம். வயது, உடலின் இடம், கை மடங்கியிருக்கும் கோணம் எல்லாம் எண்ணை மாற்றும். ஒரு நிறுவனத்தின் கருவி காட்டும் எண்ணை இன்னொரு நிறுவனத்தின் கருவியோடு நேரடியாக ஒப்பிட முடியாது. வேகத்தில் 20 சதவீதப் பிழை இருந்தால், வர்க்கத்தால் அது கிலோபாஸ்கலில் 44 சதவீதமாகப் பெருகும். அதனால் தோலைப் பொறுத்தவரை, கிலோபாஸ்கலாக மாற்றாமல் அலையின் வேகத்தை அப்படியே குறிப்பது பாதுகாப்பானது.

இன்றைய நிலையில் அல்ட்ராசவுண்ட், கிள்ளிப் பார்க்கும் முறைக்கு மாற்றாக வரவில்லை, துணையாக நிற்கிறது. நோயைக் கண்டறியவும் அது தேவையில்லை. இரு கைகளின் விரல்களிலும் தொடங்கிய தடிப்பு, விரல்கள் உள்ளங்கையோடு சேரும் மூட்டுகளைத் தாண்டிப் பரவியிருந்தால், 2013-ஆம் ஆண்டின் சர்வதேச வகைப்பாட்டு விதிப்படி அந்த ஒன்றே போதுமானது. மற்றபடி ரத்தத்தில் எதிர்ப்பொருள் சோதனை, நகக்கண் ரத்த நாளங்களை உருப்பெருக்கிப் பார்ப்பது, நுரையீரல் சோதனைகள் ஆகியவை வழிகாட்டும். அல்ட்ராசவுண்டின் பயன், கண்டறிந்த நோய் எந்தப் போக்கில் நகர்கிறது என்று பார்ப்பதில் இருக்கிறது. அதற்கு அதே கருவி, அதே இடம், அதே திசை, அதே கை நிலை வேண்டும். எந்த இடங்களை அளப்பது, எப்படிக் குறிப்பது என்பதைச் சர்வதேச ஆய்வுக் குழுக்கள் ஒழுங்குபடுத்தி வருகின்றன. அந்த ஒழுங்கு அமைந்தால், தடிமனுக்கு மில்லிமீட்டரில் ஓர் எண், இறுக்கத்துக்கு வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று இன்னோர் எண் எனத் தனித்தனியாகப் பதிவாகும். ஒரு மருந்து வீக்கத்தை வடித்ததா, நாரைத் தளர்த்தியதா என்ற கேள்விக்கு அப்போது தனித்தனியாக விடை காண முடியும்.