செய்மதிப் பெட்டியும் சிற்றூர் வீடும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடை என்றால் சமயத்தையோ இலக்கியத்தையோ பேசுவது வழக்கம். நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருளோ வீட்டுக் கூரையிற் பூட்டிய ஒரு தகரத் தட்டு. சிலர் புன்னகை புரியலாம். ஆயினும் வயலை நம்பியும் கூலியை நம்பியும் வாழும் கண்டாவளைக் குடும்பங்களிலே, அரிசிக்கும் பிள்ளைகளின் கொப்பிக்கும் ஒதுக்கிய காசில் மாதந்தோறும் பங்கு கேட்கும் பொருள்களுள் அத்தட்டும் ஒன்று. வீட்டுக் கணக்கைத் தொடுவது ஊர்க் கணக்கையும் தொடும். மேலும், வள்ளுவர் கேள்விக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். இக்காலத்தில் நம்மவர் கேட்பதிலும் காண்பதிலும் பெரும்பங்கு இப்பெட்டி வழியே வருவதால், அதன் குணத்தையும் குற்றத்தையும் ஆராய்தல் இச்சங்கத்துக்கு ஏற்ற பணியே எனத் துணிந்தோம்.

நாம் சொல்ல வந்தது ஒன்றே. மாதக் காசு கட்ட இயலாத வேளையிலும், மழை கொட்டும் இரவிலும், செய்தி வந்து சேரும் வழியொன்று ஒவ்வொரு வீட்டிலும் இருத்தல் வேண்டும். அவ்வழியை முதலில் அமைத்துக்கொண்டு, அதன்பின் செய்மதி வேண்டுவோர் வைத்துக்கொள்க. நம்மிற் பலர் இதனைத் தலைகீழாகச் செய்திருக்கின்றனர்.

செய்மதியின் வரலாற்றை முதலிற் சிறிது நோக்குவோம். 1945ஆம் ஆண்டிலே ஆதர் சி. கிளாக் என்னும் ஆங்கில எழுத்தாளர், நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு கலத்தை நிறுத்தினால், அது பூமியோடு ஒத்துச் சுழன்று ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தோன்றும் என்றும், அத்தகைய மூன்று கலங்கள் கொண்டு உலகெங்கும் ஒலிபரப்பலாம் என்றும் எழுதினார். அவர் 1956 முதல் இலங்கையில் வாழ்ந்து 2008இல் கொழும்பிலே காலமானவர். அவர் கண்ட கனவு நம் அயலிலேயே நனவாயிற்று. 1975 ஓகஸ்ற் முதல் ஓராண்டு காலம், இந்தியா அமெரிக்கச் செய்மதியொன்றை இரவல் பெற்று, ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சியைக் கொண்டு சென்றது. கோழிக்கூட்டுக்கு அடிக்கும் வலைக்கம்பியாற் பெரிய தட்டுச் செய்து, ஊர்ப் பொதுவிடத்தில் ஒரு பெட்டி வைத்து, பயிர்ச்செய்கையும் உடல்நலமும் பள்ளிப் பாடமும் காட்டினர். அவ்வேளை கிளாக்கின் கொழும்பு இல்லத்திலும் இந்திய விஞ்ஞானிகள் ஒரு தட்டை அமைத்துக் கொடுத்தனர்.

அன்று ஊருக்கு ஒரு பெட்டி. அதற்கு ஒரு நோக்கம். இன்று வீட்டுக்கு ஒரு தட்டு. நோக்கம் யாது என்று கேட்டால் மறுமொழி சொல்வார் சிலரே.

நமது பகுதியின் கதை வேறு. மின்சாரமின்றி இருந்த போர்க்கால ஆண்டுகளில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறையினர் இச்சபையிலே இருக்கின்றனர். ஒரு செய்திக்காக உடலுழைப்பை விலையாகக் கொடுத்தவர்கள் அவர்கள். கொக்காவிலில் இருந்த தொலைக்காட்சி அஞ்சல் நிலையம் 1990இல் போரில் அழிந்தது. அதே கொக்காவிலில் 174 மீற்றர் உயரமான புதிய கோபுரம் 2011 யூன் மாதத்திலே திறக்கப்பட்டது. மீள்குடியேறிய மக்களோ, அக்கோபுரத்தை எண்ணிப் பாராமல், கல்வீடு எழுந்ததும் கூரையிலே செய்மதித் தட்டைப் பூட்டினர். தமிழகத்து அலைவரிசைகள் வேண்டும் என்ற ஆசை அதற்குக் காரணம், அவ்வாசையில் தவறில்லை. ஆனால் அதனோடு மூன்று தொல்லைகளும் கூடவே வந்தன.

முதலாவது தொல்லை மழை. செய்மதியிலிருந்து வீட்டுத் தட்டுக்கு வரும் அலையின் நீளம் ஏறக்குறைய இரண்டரைச் சென்ரிமீற்றர். இத்துணைச் சிறிய அலையைப் பெருமழைத் துளிகள் உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகின்றன. பழைய முறைப் படமாயின், புள்ளி விழுந்து மங்கினாலும் பேச்சாவது காதில் விழும். இக்கால டிஜிற்றல் படமோ ஓர் எல்லைவரை தெளிவாக நின்று, அவ்வெல்லைக்குக் கீழே அலை மெலிந்ததும் அடியோடு அற்றுப்போகும். இஃது எக்கம்பனியின் குற்றமுமன்று, இயற்கையின் விதி. பெரிய தட்டு வைத்தாற் சிறிது தாங்கும். முற்றாகத் தடுத்தல் அரிது. காற்றிலே தட்டு இரண்டு பாகை விலகினாலும், வளர்ந்த தென்னோலை வந்து மறைத்தாலும் இதே கதைதான்.

கோடையில் இது சிறு குறை. மாரியிலோ பெருங்குறை. 2018 டிசெம்பர் 21ஆந் திகதி இரவு கொட்டிய மழையில் இரணைமடு நிரம்பி, வான்கதவுகள் திறக்கப்பட்டு, கண்டாவளைப் பிரதேசத்து வீடுகளிலும் வயல்களிலும் வெள்ளம் புகுந்ததை இங்குள்ளோர் மறந்திரார். 2025 நவெம்பர் இறுதியில் டித்வா என்னும் சூறாவளி இந்நாடெங்கும் நூற்றுக்கணக்கான உயிர்களைப் பறித்தது. பல மாவட்டங்களில் மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அறுந்தன. குளத்தின் கதவு எப்போது திறக்கும், எவ்வூரார் எங்கே செல்லவேண்டும் என்று அறிய வேண்டிய அதே மணித்தியாலத்தில், மழையைக் கண்டு ஊமையாகும் பெட்டியையே ஒரு குடும்பம் நம்பியிருத்தல் தகுமா என்று சிந்தியுங்கள்.

இரண்டாவது தொல்லை காசு. செய்மதிச் சந்தா நாட்கணக்கில் ஓடுவது. பார்த்தாலும் ஓடும், பாராவிட்டாலும் ஓடும். 2022ஆம் ஆண்டு மார்ச் மாத முடிவில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் வெட்டப்பட்டபோதும் அது ஓடிக்கொண்டேயிருந்தது. அதே ஆண்டு செப்டெம்பரிலே கட்டணத் தொலைக்காட்சியின் விலை 25 வீதம் உயர்ந்தது. மாதம் ஆயிரம் ரூபா என்றே வைத்துக்கொள்வோம். ஆண்டுக்குப் பன்னீராயிரம், ஐந்தாண்டுக்கு அறுபதாயிரம். அக்காசுக்குப் பின்னர் வீட்டில் எஞ்சுவது யாது? துருப்பிடித்த தட்டொன்றும், காசு போடாவிட்டால் வாய் திறவாத பெட்டியொன்றும். இதனோடு, நாம் பார்ப்பது ஐந்தாறு அலைவரிசையாயினும் கட்டுக்கட்டாகவே வாங்க வேண்டும் என்னும் முறையையும் சேர்த்துக்கொள்க. இந்தியாவிலே 2019ஆம் ஆண்டில், ஒவ்வோர் அலைவரிசைக்கும் தனி விலை குறித்து, வேண்டியதை மட்டும் தெரிந்தெடுக்கும் உரிமையை ஒழுங்குமுறை ஆணையம் வகுத்தது. அதனாற் கட்டணம் எல்லோர்க்கும் குறைந்ததென்று சொல்வதற்கில்லை. எனினும் எதற்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பது வாங்குவோர்க்குத் தெரிந்தது. அந்த அளவாவது இங்கும் வேண்டும்.

மூன்றாவது தொல்லை, முறையிட இடமின்மை. இந்தியாவிற் பதிந்த பெட்டியைக் கடல் கடந்து கொணர்ந்து இங்கே பூட்டும் வழக்கம் வடபகுதியில் நெடுநாளாக உண்டு. கணக்கு அக்கரையில் ஏதோ ஒரு முகவரியில் இருக்கும். காசு இடைத்தரகர் கையால் இருமுறை மாறிப் போகும். படம் நின்றால் கேட்பாரில்லை. 2010 யூலை மாதத்தில் இன்சாற் 4பி என்னும் செய்மதியின் மின்சக்தி அமைப்பிற் பழுது நேர்ந்து, சன் டிரெக்ட் சேவை தடைப்பட்டு, வேறொரு செய்மதிக்கு மாற்றப்பட்டது. செய்மதி மாறினாற் தட்டின் திசையும் மாற வேண்டும். பதிவிலே இல்லாத இக்கரை வீட்டுக்கு வந்து தட்டைத் திருப்பும் கடமை எவர்க்கு உண்டு? இந்நாட்டு உரிமம் பெற்ற சேவையாயின் கேட்பதற்கு ஓர் இடமாவது உண்டு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறைப்பாடு கேட்கிறது. ஆனால் பற்றுச்சீட்டு இல்லாதவன் முறைப்பாடு காற்றிற் போகும். காசு கொடுத்தாற் சீட்டு வாங்குதல் என்னும் சிறு பழக்கத்தை நம்மவர் கைக்கொள்ளல் வேண்டும்.

இனி மாற்று வழிகளைக் கூறுவோம்.

தமிழ்நாட்டிலே 2011இல் அரசு கேபிள் நிறுவனம் மாதம் 70 ரூபாவுக்குப் படம் கொடுக்கத் தொடங்கியது. ஏழை வீடுகளுக்கு அது பேருதவி. ஆயினும் கம்பி இழுப்பதற்கு வீடுகள் நெருங்கியிருத்தல் வேண்டும். வயலுக்கு ஒரு வீடும் வாய்க்காலுக்கு ஒரு வீடுமாகப் பரந்து கிடக்கும் நமது ஊர்களில் அது கட்டாது. இந்திய அரசு 2004இல் தொடங்கிய இலவசச் செய்மதிச் சேவைக்கு மாதக் கட்டணம் இல்லை; அதுபோன்ற ஒன்று நம் நாட்டுக்கும் வருமாயின் நன்று. கைத்தொலைபேசி வழியே பார்க்கலாமே என்பர் இளைஞர். அவசரத்துக்குப் பார்க்கலாம். ஆனால் தெளிவான படம் ஒரு மணித்தியாலம் பார்த்தால் இரண்டு மூன்று கிகாபைற் கரைந்துவிடும். வீடு முழுவதும் நாள்தோறும் பார்த்தாற் செய்மதிச் சந்தாவை விஞ்சிவிடும். 2025 யூலையில் இந்நாட்டுக்கு வந்த ஸ்ரார்லிங்க் என்னும் செய்மதி இணையமோ, தனியொரு சிற்றூர்க் குடும்பம் தாங்கும் விலையதன்று.

ஆகவே நாம் முதலிற் பரிந்துரைப்பது பழைய அன்ரனாவையே. இதைக் கேட்டு எள்ள வேண்டாம். கொக்காவில் கோபுரம் கண்டாவளைக்குத் தெற்கே வான்வழியாக முப்பது கிலோமீற்றருக்குள் இருக்கிறது. அத்தகைய நிலக் கோபுரங்களிலிருந்து வரும் தொலைக்காட்சி அலைகள் மிக நீண்டவை. மழைத்துளி அவற்றைப் பெரிதும் தடுப்பதில்லை. ஒரு குழாய்க் கம்பத்தில் அன்ரனாவைக் கட்டி, தெற்கு நோக்கி மெல்லத் திருப்பித் திருப்பி, எத்திசையில் எவ்வலைவரிசை தெளிவாகிறது என்று பார்த்து இறுக்கிவிட்டால், அதன்பின் மாதக் காசு ஒன்றுமில்லை. நேத்ரா, வசந்தம் முதலிய தமிழ் அலைவரிசைகள் தத்தம் வீட்டுக்கு எவ்வளவு தெளிவாக எட்டுகின்றன என்பதை இவ்வாறே சோதித்தறிக. 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது கல்வி அமைச்சு அரச தொலைக்காட்சி வழியே பாடங்களை ஒளிபரப்பியதை நினைவு கூர்க. அன்ரனா இருந்த வீட்டுப் பிள்ளைக்கு அப்பாடம் இலவசமாகவே கிடைத்தது.

இதிலும் குறை உண்டு. தமிழகத்து அலைவரிசைகள் இதில் வாரா. இந்நாடு 2014இல் யப்பானிய டிஜிற்றல் முறையைத் தெரிந்தெடுத்தும், பத்தாண்டு கழிந்த பின்னும் அவ்வேலை முடியவில்லை. ஆதலாற் படம் செய்மதிப் படம்போலத் துலங்காது. இடிமின்னல் வேளையில் அன்ரனாக் கம்பியைப் பெட்டியிலிருந்து கழற்றிவிடவும் வேண்டும். அப்போது எதைக் கேட்பது? அதற்குத்தான் பற்றறியில் இயங்கும் சிறு வானொலி. 1925ஆம் ஆண்டு டிசெம்பரில் கொழும்பிலே தொடங்கிய வானொலி நூறாண்டு கடந்துவிட்டது. செய்மதியும் இணையமும் ஓய்ந்த இரவில், சட்டைப்பைக்குள் அடங்கும் அப்பெட்டி பேசிக்கொண்டிருக்கும். டைனமோ சுழற்றிய முதியோர் அதன் அருமையை அறிவர். பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

இளைஞர்களே! உங்களிடம் நாம் கேட்பவை நான்கு.

ஒன்று: உங்களுள் மின்வேலை அறிந்தோர் நால்வர் சேர்ந்து, மாரி தொடங்குமுன், விரும்பும் வீடுகளுக்குச் சென்று அன்ரனாவைத் திசை பார்த்துக் கட்டிக் கொடுங்கள். முதியோர் தனித்திருக்கும் வீடுகளுக்கு முதலிற் செல்லுங்கள்.

இரண்டு: சங்க வாசிகசாலையிலே பொதுப் பெட்டியொன்று வையுங்கள். செய்மதிச் சந்தா ஒன்றைப் பலர் பங்கிட்டாற் சுமை குறையும். தமிழகத்து நிகழ்ச்சியையும் அங்கே கூடிப் பார்க்கலாம். பொது இடத்திற் காட்டுவதற்கு அச்சேவையின் அனுமதியை முன்னரே எழுத்திற் பெற்றுக்கொள்ளுங்கள். மாலையிற் செய்தியும், பயிர்க்காலத்தில் வேளாண்மை நிகழ்ச்சியும் அங்கே நடக்கட்டும். ஊருக்கு ஒரு பெட்டி என்னும் 1975ஆம் ஆண்டின் எண்ணம் இன்னும் பழுதாகிவிடவில்லை.

மூன்று: ஒவ்வொரு வீட்டிலும் பற்றறி வானொலி ஒன்று இருக்கச் செய்யுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்னும் இலக்கத்தை அடுப்படிச் சுவரிலே எழுதி வையுங்கள்.

நான்கு: செய்மதி வைத்திருப்போர் என்ன கட்டுக்கு என்ன கொடுக்கின்றனர் என்பதைக் கேட்டு ஒரு கொப்பியிற் குறியுங்கள். ஒருவன் தனியே கேட்டால் மறுமொழி தாமதமாகும். ஐம்பது வீட்டார் ஒப்பமிட்டுக் கேட்டால் விரைந்து வரும்.

செய்மதி வேண்டாமென்று நாம் கூறவில்லை. பகல் முழுவதும் வயலில் வாடிய தாயொருத்தி இரவிலே அரை மணி நேரம் நாடகம் பார்த்து மனம் ஆறுவதைக் குறைசொல்ல எவர்க்கும் உரிமையில்லை. இன்பத்துக்கு ஒரு வழி இருக்கட்டும். ஆபத்துக்கு வேறொரு வழி இருக்கட்டும். இரண்டையும் ஒரே கயிற்றிற் கட்டித் தொங்கவிடுதல் அறிவுடைமையன்று. வெள்ளம் வருமுன் அணை கட்டு என்பது நம் முன்னோர் மொழி. இரணைமடுவுக்குக் கீழே வாழும் நமக்கு அதனைப் பிறர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த மாரிக்கு முன்னரே கம்பங்கள் எழட்டும் என்று கூறி அமைகின்றோம்.