பெயர்ப்பலகையில் இல்லாத ஊர்

வாசகர் வட்டத்துத் தோழர்களே, தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, இவன் என்ன உளறப்போகிறானோ என்ற கவலையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் அம்மா அவர்களே!

பேசி முடிக்கும்வரை நான் அந்தச் சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்ப்பேன். மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள். முகங்களைப் பார்த்தால் எனக்குப் பேச்சு தப்பிவிடும். கேட்டவுடன் சத்தத்தைக் குறைத்துவைத்த மைக்செட் தம்பிக்கு நன்றி.

நம் ஊர் ரயில் நிலையத்திலிருந்து தொடங்குகிறேன். போளூர் தாண்டி வண்டி வந்து நிற்கும். பலகையில் 'ஆரணி ரோடு' என்றிருக்கும். இறங்கினால் களம்பூர்! பலகையை நம்பிய புது ஆள், 'களம்பூர் இனிமேல்தான் வரும்போல' என்று உட்கார்ந்தே இருந்தால் கண்ணமங்கலம் போய்ச் சேர்வார். நான் 43 வயதுவரை அப்படித்தான் என் ஊரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தேன். ஏனென்றால் என் மேல் தொங்கிய பலகைகள் வேறு.

'திமிர் பிடிச்சவன்.' 'ஊமைக்கோட்டான்.' 'பெரியவங்கள மதிக்கத் தெரியாதவன்.'

ஒருமுறை மாமா கேட்டார்: "என்ன மாப்ளே, ஆளையே காணோம்?" நான் சொன்னேன்: "இங்கதான மாமா நிக்கிறேன்." கேலி செய்கிறேன் என்று அவர் இரண்டு வருடம் என்னோடு பேசவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொன்னேன். (மாமாவும் வந்திருக்கிறார், இப்போது சிரிக்கிறார்.)

கல்யாண வீட்டில் பந்திக்கு முன்பே நான் ஓடி வந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஸ்பீக்கர் சத்தம் மற்றவர்களுக்குக் காதில் கேட்கும். எனக்குப் பல்லுக்குள் வலிக்கும். ஆனால் அப்பாவின் தறிச் சத்தம் ஓடினால்தான் எனக்குத் தூக்கம் வரும். அடுத்த அடி எப்போது விழும் என்று தெரிந்த சத்தம் அது. ஒரே ஆள் ஒரு சத்தத்துக்கு ஓடுகிறான், இன்னொரு சத்தத்தில் தூங்குகிறான். இதை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. நானும்தான். ஒரு டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்றார், இன்னொருவர் மனச்சோர்வு என்றார். மாத்திரை மாறியது, வேலை மாறியது, நான் மட்டும் மாறவில்லை.

கடைசியில் ஒருவர் பொறுமையாகக் கேட்டார். ரத்தம் எடுக்கவில்லை, ஸ்கேன் எடுக்கவில்லை. ஆட்டிசத்தை அப்படிக் கண்டுபிடிக்க முடியாது. என்னிடம் பல மணி நேரம் பேசினார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டு, நான் எப்போது பேசினேன், எப்படி விளையாடினேன் என்று விசாரித்தார். அம்மா சொன்னார்கள்: "பாவு பிணைக்கறப்ப பக்கத்துல உக்காந்துக்குவான் சார். சாப்பிடக் கூப்ட்டா வரமாட்டான். இழையவே பாத்துட்டிருப்பான்." நாற்பது வருடத்துக்கு முந்தைய அந்த இழையை அவர் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்கு இருப்பது ஆட்டிசம்."

அழுதேன். பாதி நிம்மதி, பாதி கோபம். அம்மா கேட்ட முதல் கேள்வி, "நான் வளர்த்ததுல ஏதாவது தப்பா சார்?" தாய்மார்களே, காது கொடுத்துக் கேளுங்கள். தாய்க்குப் பாசம் போதாததால் வருவது இது என்று ஒரு காலத்தில் மேல்நாட்டு நிபுணர்களே சொன்னார்கள். அந்தப் பழி பொய்யென்று எப்போதோ தள்ளுபடியாகிவிட்டது. இது பிறவியிலேயே மூளை அமைந்த விதம். வளர்ப்பில் குற்றமில்லை.

ஏன் இவ்வளவு தாமதம்? மாஸ்கோவில் குரூன்யா சுகரேவா என்ற பெண் மருத்துவர் 1925-லேயே இத்தகைய சிறுவர்களைப் பற்றி எழுதினார், உலகம் கவனிக்கவில்லை. 1943-இல் அமெரிக்காவில் லியோ கேனர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார்; உலகம் கவனித்தது. அன்றிலிருந்து ஆட்டிசம் என்றாலே குழந்தை. நான் கேட்கிறேன், அந்தக் குழந்தைகளெல்லாம் வளரவே இல்லையா? லண்டனில் லோர்னா விங் என்ற மருத்துவர், ஆட்டிசம் உள்ள ஒரு மகளின் தாய், பேசத் தெரிந்தும் பழகத் தெரியாமல் தவிப்பவர்களும் இதே குடும்பத்தவர்தான் என்று 1981-இல் எடுத்துக்காட்டினார். நம் நாட்டின் 1995-ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசம் இல்லை; 2016-இல் வந்த சட்டத்தின் 21 வகைகளில் அது இருக்கிறது. அந்தப் பட்டியலில் பெயர் ஏறுவதற்கு முன்பே எனக்கு முடி நரைக்கத் தொடங்கிவிட்டது.

தாமதமாகத் தெரிந்துகொண்டவன் நான் மட்டும் இல்லை. ஸ்காட்லாந்துப் பாடகி சூசன் பாயில் 2009-இல், 47 வயதில், ஒரு தொலைக்காட்சி மேடை ஏறினார். பாட வாய் திறக்கும் முன்பே அரங்கம் நகைத்தது. பாடியதும் எழுந்து நின்றது. பிறக்கும்போதே மூளை பாதிக்கப்பட்டவர் என்ற பலகையை அதுவரை சுமந்தவர் அவர். மூன்று ஆண்டு கழித்து, தனக்கு இருப்பது ஆட்டிசத்தில் ஒரு வகை என்று அறிந்தபோது ஆறுதலடைந்தேன் என்றார். அந்த ஆறுதல் எனக்குத் தெரியும்.

ஆனால் தோழர்களே, பெயர் தெரிந்துவிட்டால் போதுமா? பெயர் தெரிந்தும் தனியாகத்தான் இருந்தேன். ஆறு மாதம் கழித்து, சென்னையில் என்னைப் போன்ற பத்துப் பேர் கூடும் ஓர் அறைக்குப் போனேன். டியூப்லைட்டை அணைத்திருந்தார்கள். யாரும் கைகுலுக்க வரவில்லை. ஒருவர் சுவரைப் பார்த்தபடி பழைய வால்வு ரேடியோக்களைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். ஒருவரும் கொட்டாவி விடவில்லை. நான் பாவு பிணைப்பதைப் பற்றிப் பேசினேன். தீர்ந்த பாவின் ஒவ்வோர் இழையோடும் புதுப் பாவின் இழையை விரலால் முறுக்கிச் சேர்ப்பதை, ஓர் இழை தப்பினால் என்ன ஆகும் என்பதை. "அப்புறம்?" என்று கேட்டார்கள். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் 'அப்புறம்' அது.

அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ளவர்களே 1990-களில் அமைப்பாகத் திரண்டபோது சட்டையில் ஒரு வண்ண அட்டை குத்திக்கொள்ளும் வழக்கத்தை உண்டாக்கினார்கள். சிவப்பு என்றால் இப்போது என்னோடு பேசாதீர்கள். மஞ்சள் என்றால் தெரிந்தவர்கள் மட்டும் பேசலாம். பச்சை என்றால் பேச ஆசை, தொடங்கத்தான் தெரியவில்லை, நீங்கள் தொடங்குங்கள். கோபத்துக்கும் கூச்சத்துக்கும் வித்தியாசம் காட்ட ஒரு துண்டு அட்டை போதுமாக இருந்திருக்கிறது!

இன்னொரு மனிதரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். கேனரின் அந்த 11 குழந்தைகளில் முதல் குழந்தை, டொனால்டு டிரிப்லெட். மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சின்ன ஊர். மூன்று வயதில் அவரை ஒரு விடுதியில் விட்டார்கள். மறு வருடமே பெற்றோர் திரும்ப அழைத்து வந்தார்கள். பிறகு சில ஆண்டுகள் ஒரு விவசாயத் தம்பதியின் வீட்டில் வளர்ந்தார். எதையும் எண்ணிக்கொண்டே இருக்கும் பையன். 'எண்ணாதே' என்று அவர்கள் அடக்கவில்லை. சோள வரிசைகளை எண்ணச் சொன்னார்கள். எண்ணியபடியே உழக் கற்றுக்கொண்டான். பிறகு கல்லூரி, உள்ளூர் வங்கியில் வேலை, கோல்ஃப், உலகப் பயணம். 2023-இல், 89 வயதில், அதே ஊரில் காலமானார். அவரைத் தேடி வந்த பத்திரிகையாளர்களிடம் ஊர்க்காரர்கள் சொன்னார்களாம், எங்கள் ஆளின் மனம் நோகும்படி ஏதாவது செய்தால் உங்களைத் தேடி வருவோம் என்று.

அவர் குடும்பம் வசதியானது. அந்த வங்கியிலேயே அவர்களுக்குப் பங்கு இருந்தது. அதை மறைக்க மாட்டேன். பேச்சே வராமல், வாழ்நாளெல்லாம் துணை தேவைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். என்னை வைத்து அவர்களை அளக்காதீர்கள். ஆனால் 'எங்கள் ஆள்' என்று சொல்ல வங்கி வேண்டாம். அதற்கு ஊர் போதும்.

ஆசிரியர்களே, 'கண்ணைப் பார்த்துப் பேசு' என்று பிள்ளையின் முகத்தைத் திருப்பாதீர்கள். மண்டபக்காரர்களே, ஸ்பீக்கர் எட்டாத ஓர் அறையை ஒதுக்குங்கள். வீட்டுப் பின்கட்டில் 'அவன் ஒரு மாதிரி' என்று வைத்திருக்கும் அண்ணனையோ அத்தையையோ இங்கே அழைத்து வாருங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை நான் இந்த நூலகத்தில் உட்கார்ந்திருப்பேன். பேச வேண்டும் என்றில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாலும் சரி.

ரயில்வே பலகை மாறுமா என்று எனக்குத் தெரியாது. அது மாறாமலே இத்தனை வருடமாக ஜனங்கள் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். எப்படி? பலகையைப் பார்த்துத் திகைத்து நிற்கும் ஆளிடம் பக்கத்து சீட்டுக்காரர் சொல்கிறார்:

"இதாங்க களம்பூர். இறங்குங்க."

அதைத்தான் கேட்கிறேன்.