டிராக்டரின் உடைந்த கண்ணாடி



1959-ஆம் ஆண்டில் ஃபரீதாபாதிலிருந்து ஐஷர் டிராக்டர் வெளிவந்தபோது, அதனை ஓட்டியவனுக்கு வானமே கூரை. இன்றும் நம் நாட்டு டிராக்டர்களில் பெரும்பாலானவை திறந்தவையே. ஆயினும், பஞ்சாப், ஹரியாணா வயல்களில் குளிரூட்டிய கண்ணாடி அறையுடன் கூடிய டிராக்டர்களும் இறங்கியிருக்கின்றன. தூசியினின்றும் வெயிலினின்றும் உழவனைக் காக்கும் அவ்வறை, சுழல் கலப்பை தெறிக்கும் ஒரு கல்லுக்கோ, வரப்போரத்து மரக்கிளைக்கோ தன் கண்ணாடியைப் பறிகொடுக்கிறது. மாற்றுக் கண்ணாடியின் விலையைக் கேட்டதும் பலர் சன்னலுக்குப் போடும் சாதாரணக் கண்ணாடியை வெட்டிப் பொருத்திவிடுகின்றனர். இது உயிரோடு விளையாடும் சிக்கனம்.

காரணத்தைச் சொல்கிறேன். அறையின் கதவிலும் பின்புறத்திலும் இருப்பது பெரும்பாலும் பதமேற்றிய கண்ணாடி. அறுநூறு டிகிரிக்கு மேல் சூடாக்கி, உடனே காற்றைப் பீய்ச்சிக் குளிர்வித்து அதனைச் செய்கிறார்கள். மேற்பரப்பு இறுகி அழுந்தி நிற்க, உள்ளே இழுவிசை தங்கிவிடுகிறது. ஆகவே அது உடையும்போது கூரிய சில்லுகளாகாமல், கற்கண்டுபோல் சிறு துண்டுகளாக உதிர்கிறது. சாதாரணக் கண்ணாடியோ கத்திபோல் பிளக்கும். இயந்திரக் குறிப்பேடுகளை மொழிபெயர்ப்போர் சிலர் பதமேற்றியதைக் ‘கடினக் கண்ணாடி’ என்று எழுதிவிடுவதால், உடையவே உடையாத கண்ணாடி என்ற எண்ணம் பிறக்கிறது. அதன் முகம் வலிது, விளிம்போ மெலிது. விளிம்பில் ஓர் இரும்புத் திருகு உராய்ந்தால் போதும், முழுவதும் நொறுங்கும்.

பதமேற்றிய பின் அதனை அறுக்கவோ துளையிடவோ இயலாது. ஆதலின், தட்டையான கண்ணாடியாயின் அட்டையில் அச்சுருவெடுத்து, கீல்களுக்குரிய துளைகளையும் குறித்துப் பட்டறைக்குக் கொடுத்து, வெட்டித் துளையிட்ட பின்பே பதமேற்றச் செய்தல் வேண்டும். வளைந்த கண்ணாடிக்கு இந்த வழி உதவாது. உற்பத்தியாளரின் உறுப்பு எண்ணைச் சொல்லியே வாங்க வேண்டும். கண்ணாடியின் மூலையில் பாதுகாப்புக் கண்ணாடிக்குரிய தரமுத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்தியத் தர அளவை எண் 2553.

இரு தகடுகளுக்கிடையே பிசின் படலம் வைத்து ஒட்டிய கண்ணாடி வேறு வகை. பிரெஞ்சு நாட்டு பெனெதிக்துஸ் 1909-இல் காப்புரிமை பெற்றது இவ்வகைக்கே. உடைந்தாலும் உதிராமல் ஒட்டிக்கொண்டு நிற்பது அதன் சிறப்பு. ஆனால் அந்தச் சிறப்பே, ஆபத்துக் கால வழியாக அமைந்த சன்னலில் குறையாகிவிடும். டிராக்டர் வாய்க்காலில் கவிழ்ந்து கதவு அடைபட்டால், ஓட்டுநர் அந்தச் சன்னலை உடைத்தே வெளிவர வேண்டும். அங்கே ஒட்டுக் கண்ணாடியையோ உடையாத பிளாஸ்டிக் பலகையையோ பொருத்துவது அவரை உள்ளே பூட்டுவதாகும்.

இனிப் பொருத்தும் முறை. கையுறையும் கண்காப்பும் அணியுங்கள். குளிர்காற்று விசிறியை நிறுத்திவிட்டே துகள்களை உறிஞ்சி எடுங்கள். காற்றுக்குழாயில் ஒரு துகள் தங்கினாலும் பின்னொரு நாள் முகத்தில் வந்து விழும். மிதிகளின் அடியிலும் பாருங்கள். கீலில் தொங்கும் கண்ணாடியாயின், துளையில் ரப்பர் அல்லது நைலான் உறை இன்றித் திருகாணியைச் செலுத்தலாகாது. அளவுக்கு மீறி முறுக்கவும் வேண்டா.

ரப்பர்ச் சட்டத்தில் அமையும் கண்ணாடிக்குப் பழைய உபாயமே சிறந்தது. கண்ணாடியின் விளிம்பைச் சுற்றி ரப்பரை மாட்டி, அதன் வெளிக்காடியில் உறுதியான கயிற்றைப் பதித்து, இரு நுனிகளும் அறைக்குள் வரும்படி விடுங்கள். சோப்பு நீர் தடவியபின், ஒருவர் வெளியிலிருந்து அழுத்த, மற்றவர் உள்ளிருந்து கயிற்றை மெல்ல இழுத்தால், ரப்பரின் இதழ் சட்டத்தைத் தாண்டி உட்புறம் வந்து அமரும். இது இருவர் செய்யும் வேலை. தனியே முயல்வோர் இரண்டாம் கண்ணாடிக்கும் விலை கொடுப்பர்.

பசையால் ஒட்டும் கண்ணாடியில், பழைய பசையை அடியோடு சுரண்டாமல் மெல்லிய படலமாக விட்டு, அதன்மேல் புதியதை இடுவர். பசை இறுகுமட்டும் ஒரு சன்னல் திறந்தே இருக்கட்டும். கதவை ஓங்கிச் சாத்தினால் உள்ளே அடைபடும் காற்றே புதுக் கண்ணாடியைத் தள்ளிவிடும்.